ஐந்து சதவீதத்துக்குப் பதினோரு ஆண்டுகள்

2014 ஏப்ரல் 30 அன்று திருப்பதியில் நடைபெற்ற தேர்தல் பொதுக்கூட்டத்தில் சந்திரபாபு நாயுடுவையும் பவன் கல்யாணையும் அருகில் வைத்துக்கொண்டு நரேந்திர மோடி ஆந்திர மக்களுக்கு வாக்குறுதிகளை அள்ளி வழங்கினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன், பிப்ரவரி 20 அன்று, அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் ஐந்து ஆண்டுகளுக்குச் சிறப்பு அந்தஸ்து வழங்கப்படும் என்று மாநிலங்களவையில் அறிவித்திருந்தார். ஐந்து போதாது, பத்து ஆண்டுகள் வேண்டும் என்று முழங்கியது பாஜக. 2016 செப்டம்பரில் அருண் ஜெட்லி அதனைச் ‘சிறப்பு உதவி’ என்று பெயர் மாற்றிப் புதைத்தார். சித்தூர் உள்ளிட்ட ஏழு பின்தங்கிய மாவட்டங்களுக்கு மாவட்டம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் என்ற ஈவுத்தொகையோடு கணக்கு முடிக்கப்பட்டது. அதுவும் மூன்று தவணைகளுக்குப் பின் இழுபறியில் சிக்கியது.

இந்த மோசடி பலமுறை பேசப்பட்டுவிட்டது. இதே மண்ணில், இதைவிட ஆழமான இன்னொரு மோசடி அதிகம் பேசப்படாமல் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பகுதியின் மலையிலும் மண்ணிலும் உள்ள செல்வத்தின் வருவாயில் அப்பகுதி மக்களுக்கும், அவர்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிக்கும், மாநில அரசுக்கும் உள்ள பங்கைப் பற்றியது அது.

சித்தூர் மாவட்டத்தின் தென்கோடியில், கோலார் தங்க வயலின் தொடர்ச்சியாகக் கிடக்கிறது சிகரகுண்ட - பிசாநத்தம் தங்கப் படிவம். பொதுத்துறை நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் 2001-ல் மூடப்பட்டபோது இங்குள்ள சுரங்கமும் மூடப்பட்டது. தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2018 ஏலத்தில் இப்படிவம் என்எம்டிசிக்குக் கிடைத்தது. அங்கு வெட்டியெடுக்கப்படும் தங்கத்துக்கு மாநிலம் பெறும் ராயல்டி எவ்வளவு? லண்டன் சந்தை விலையில் 4 சதவீதம். அந்த விகிதத்தை நிர்ணயிப்பது அமராவதி அல்ல, டெல்லி. 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் அவ்வதிகாரத்தை முழுமையாக ஒன்றிய அரசின் கையில் வைத்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று அச்சட்டம் தடை விதிக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் உயர்த்தியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் அதில் இல்லை. முதலாளிக்குப் பாதுகாப்பு உண்டு, மாநிலத்துக்கு இல்லை.

மாநிலங்கள் தாமாக வரி விதித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 50-ஆவது இனம் கனிம உரிமைகள் மீதான வரியைத் தெளிவாக மாநிலத்துக்கே தருகிறது. ஆனால் தமிழ்நாட்டு வாசகர்கள் மறக்கக்கூடாத ஒரு வழக்கு உண்டு. 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்படி ராயல்டியின் மீது செஸ் விதித்தது தமிழ்நாடு. சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊர்களின் ஊராட்சிகளுக்கு அதனால் வருவாய் கிடைத்தது. இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் நீதிமன்றம் சென்றது. 1989-ல் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ராயல்டியே ஒரு வரி, அதன்மேல் மாநிலம் வரி விதிக்க இயலாது என்று கூறி அதனைச் செல்லாததாக்கியது. ஓர் ஊராட்சியின் செஸ்ஸில் தொடங்கிய அத்தீர்ப்பு நாடு முழுவதும் கனிம மாநிலங்களின் கைகளை 35 ஆண்டுகள் கட்டிப்போட்டது.

2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், ராயல்டி என்பது வரி அல்ல என்றும், கனிம உரிமைகள் மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் மாநிலங்களுக்கு எதிராக நின்று வாதாடியது யார்? மோடி அரசு. தீர்ப்பு வந்த பின்னரும், அது எதிர்காலத்துக்கு மட்டுமே பொருந்த வேண்டும், பழைய நிலுவையைக் கேட்கக் கூடாது என்று சுரங்க முதலாளிகளோடு தோளோடு தோள் நின்று வாதாடியதும் அதே அரசுதான். ஆகஸ்ட் 14 அன்று நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 2005 ஏப்ரல் 1 முதலான நிலுவையை மாநிலங்கள் கோரலாம் என்றது. ஆயினும் 2026 ஏப்ரல் 1 முதல் பன்னிரண்டு ஆண்டுத் தவணைகளில்தான் பெற வேண்டும். தீர்ப்புக்கு முந்தைய காலத்துக்கு வட்டியும் அபராதமும் கிடையாது. விவசாயி கூட்டுறவுக் கடனுக்கு ஒரு தவணை தவறினால் நகையை ஏலம் விடும் நாட்டில் சுரங்க முதலாளிக்குப் பன்னிரண்டு ஆண்டுத் தவணை!

இதே மோடி குஜராத் முதலமைச்சராக இருந்தபோது கதை வேறு. கச்சா எண்ணெய்க்கு ஓஎன்ஜிசி தள்ளுபடி விலையில் ராயல்டி தருவது மாநிலத்துக்கு இழைக்கும் அநீதி, சந்தை விலையில் தர வேண்டும் என்று அவரது அரசு ஒன்றிய அரசோடு மல்லுக்கு நின்றது. 2013-ல் குஜராத் உயர்நீதிமன்றத்தில் வென்றும் காட்டியது. அது நியாயமான கோரிக்கைதான். காந்திநகரில் நியாயமாக இருந்த கோரிக்கை டெல்லிக்குக் குடிபெயர்ந்ததும் எப்படித் தேச வளர்ச்சிக்கு இடையூறு ஆனது என்பதைத்தான் அவர் விளக்க வேண்டும்.

2015-ல் கொண்டுவரப்பட்ட மாவட்டக் கனிம அறக்கட்டளையைச் சாதனையாகக் காட்டுகிறார்கள். பழைய குத்தகைகளில் ராயல்டியின் 30 சதவீதத்துக்கு இணையான தொகை, ஏலக் குத்தகைகளில் 10 சதவீதம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு என்றார்கள். 2021 திருத்தத்தின் மூலம் அந்த நிதி எவ்வாறு செலவிடப்பட வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரத்தையும் ஒன்றிய அரசு எடுத்துக்கொண்டது. நிதி மாவட்டத்தின் பெயரில், சாவி டெல்லியில்.

டெல்லியை மட்டும் குற்றம் சொல்லி முடித்துக்கொள்வது நேர்மையாகாது. குப்பம் தொகுதியின் கிரானைட் கற்கள் துறைமுகங்களுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கிரானைட் சிறுகனிமம், அதன் மீதான அதிகாரம் முழுவதும் மாநிலத்துக்கே உண்டு. 1989 முதல் அத்தொகுதியின் உறுப்பினராக இருக்கும் சந்திரபாபு நாயுடு, குவாரித் தூசியைச் சுவாசிக்கும் ஊராட்சிகளுக்கு அந்த வருவாயில் உரிய பங்கை உரிய காலத்தில் தரும் உறுதியான சட்டத்தைச் செய்ததுண்டா? அவருக்குப் பின் வந்த ஜெகன் மோகன் அரசு 2022-ல் சீனியரேஜ் கட்டணம் வசூலிப்பதையே தனியார் நிறுவனங்களுக்கு ஏலம் விட்டது. நிதி ஆணையம் ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய பணத்தை மின்கட்டண நிலுவை என்று பிடித்தம் செய்துகொண்டது. சர்பஞ்சுகள் கட்சி வேறுபாடின்றித் தெருவுக்கு வந்து போராடினர். மாநில உரிமை என்று மேடையில் பேசுகிறவர்கள் தமக்குக் கீழுள்ள உள்ளாட்சியிடம் நடந்துகொள்ளும் விதம், டெல்லி தம்மிடம் நடந்துகொள்ளும் விதத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

இனி செம்மரம். உலகிலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் மரம் அது. திருப்பதி ஏழுமலையைச் சுற்றிய சேஷாசலக் காடுகள் அதன் தாயகம். 2014-ல் ஆட்சிக்கு வந்த தெலுங்கு தேசம், பறிமுதல் செய்யப்பட்ட செம்மரக் கட்டைகளை ஏலம் விட்டு விவசாயக் கடன் தள்ளுபடிக்குப் பணம் திரட்டுவோம் என்றது. கடன் தள்ளுபடி தவணை தவணையாகத் தேய்ந்தது. கட்டைகளைப் பெருநிறுவனங்கள் வாங்கிச் சென்றன.

அதே 2014 நவம்பரில், பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் கீழ் வெளியான வழிகாட்டு நெறிகள், செம்மரம் போன்ற உயர்மதிப்புள்ளவற்றின் ஏலத் தொகையில் குறைந்தது 5 சதவீதம் பலன் பகிர்வுக்காகச் செலுத்தப்பட வேண்டும் என்றன. நூற்றில் ஐந்து! அந்த ஐந்தும் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்குச் சென்று, அங்கிருந்து இறங்கி வர வேண்டும். சித்தூர், திருப்பதி, கடப்பா, நெல்லூர் மாவட்டங்களின் 48 கிராமங்களைச் சேர்ந்த 198 செம்மர விவசாயிகளுக்கு 3 கோடி ரூபாய் என்ற அறிவிப்பு வந்தபோது 2025 ஆகியிருந்தது. தமது சொந்த நிலத்தில் மரம் வளர்த்தவர்கள் இவர்கள். இதற்கே பதினோரு ஆண்டுகள். மாநில வனத்துறைக்குத் தனியே 38 கோடிக்கு மேல் ஒதுக்கப்பட்டது. காவலை வலுப்படுத்துவது அதன் முதன்மை நோக்கம். வாழ்வாதாரம் என்ற சொல்லும் அறிவிப்பில் இருக்கிறது. காட்டோடு வாழும் ஏனாதி, எருகுல மக்கள் அந்தச் சொல்லை வைத்து அடுப்பெரிக்க முடியாது. வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் தேனும் மூலிகையும் தருகிறது. வெட்டுமரத்தை விலக்கி வைத்திருக்கிறது.

அக்காட்டின் செல்வத்தில் ஏழைகளுக்குக் கிடைத்த பங்கு என்னவென்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 விடியலில் சந்திரகிரிக்கு அருகே ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப் படை 20 தமிழகத் தொழிலாளர்களைச் சுட்டுக்கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி போன்ற மாவட்டங்களில் இருந்து பிழைப்புக்குச் சென்றவர்கள். பலர் ஜவ்வாது மலைப் பழங்குடியினர். பேருந்தில் இருந்து இறக்கி அழைத்துச் செல்லப்பட்டார்கள் என்று தப்பி வந்தவர்கள் சாட்சியம் அளித்தனர். குடும்பங்களுக்கு 5 லட்சம் இடைக்கால நிவாரணமும் சிபிஐ விசாரணையும் வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் கூறியது. மாநில அரசு அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. கோடரி பிடித்த கூலிக்குத் தோட்டா. கட்டையைக் கடல் கடத்தி விற்ற பெருமுதலைகளுக்கு ஜாமீன்.

இதைத் தமிழர் - தெலுங்கர் பகையாக்க அன்றே சிலர் முயன்றனர். ஜவ்வாது மலையில் நிலமும் வேலையும் இன்றி வெளியேறியவனும், சேஷாசலத்தில் பிறந்து காட்டில் உரிமையற்று நிற்பவனும் ஒரே கொள்ளையால் வஞ்சிக்கப்பட்டவர்கள்.

2024 தீர்ப்புக்குப் பின் தமிழ்நாடு கனிமம் உள்ள நிலங்களுக்கான வரிச் சட்டத்தை இயற்றி 2025 ஏப்ரலில் நடைமுறைப்படுத்தியது. அந்த வரியில் ஊராட்சிகளின் பங்கு சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். 1989-ல் பறிபோனது ஊராட்சியின் பணம் என்பதால் இது கருணை அல்ல, கடன். ஆந்திரத்தில், 16 மக்களவை உறுப்பினர்களின் ஆதரவால் மோடி ஆட்சியைத் தாங்கி நிற்கும் சந்திரபாபு நாயுடு, ராயல்டி விகிதத்தை உயர்த்தவும் கனிம அறக்கட்டளை நிதியை மாவட்டங்களிடமே விடவும் அந்தப் பலத்தைப் பயன்படுத்தப் போகிறாரா என்று சித்தூர், திருப்பதி மக்கள் கேட்க வேண்டும். செம்மர ஏலத்தின் பங்கைப் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களுக்கு நேரடியாகச் செலுத்தவும், 20 தொழிலாளர்களின் கொலையை சிபிஐ விசாரிக்கவும் இரு மாநில இடதுசாரி இயக்கங்களும் ஒன்றிணைந்து போராட வேண்டிய நேரம் இது.