முகம் தூக்கும் படகு

மட்டாஞ்சேரிவாசிகளுக்குப் படகு அந்நியப் பொருளன்று. ஆயினும், ரயில்வே குமாஸ்தா ஒருவன் படகைப் பற்றி எழுதப் புகுவானேன் என்று நேயர்கள் வினவக்கூடும். எங்கள் தெருவில் குடியிருக்கும் அன்பர் ஒருவரின் மகன், சுற்றுலா வருவோரை ஏற்றிச் செல்லும் எண்ணத்துடன், பழைய ஃபைபர் கிளாஸ் வேகப் படகொன்றைக் கடன்பட்டு வாங்கியிருக்கிறான். நீளம் 22 அடி. விசையைக் கூட்டியவுடன் முகப்பு வானை நோக்கி எழுகிறது, ஓட்டுபவனுக்கு முன்னால் இருக்கும் நீர் தெரிவதில்லை, பெட்ரோலும் வீணாகிறது.

"டிரிம் டேப் வைத்துவிட்டால் சரியாகிவிடும் அண்ணா. இன்னும் நான்கு பேரைக்கூட ஏற்றலாம்" என்றான். அவன் சொன்னதில் முற்பாதி மெய், பிற்பாதி ஆபத்து.

டிரிம் டேப் என்பது படகின் பின்பலகையின் அடிவிளிம்பில், இடமும் வலமுமாகக் கீல் வைத்துப் பொருத்தப்படும் இரண்டு உலோகத் தகடுகளே. ஓடும் படகில் தகட்டைக் கீழே சாய்த்தால், விரைந்து வரும் நீர் அதில் மோதிப் பின்புறத்தை உயர்த்தும். முகப்பு தானே தாழும். ஒரு பக்கத் தகட்டை மட்டும் தாழ்த்தினால் அந்தப் பக்கம் உயரும். இவ்வளவும் வேகத்தின் வேலை. நின்றிருக்கும் படகில் அத்தகடுகளால் ஒரு பயனும் இல்லை.

நீரைப் பிளந்து மெல்லச் செல்லும் படகுகளுக்கும் இது வேண்டுவதில்லை. நீர்மட்டத்தில் 36 அடி நீளமுள்ள அத்தகைய படகு, மணிக்கு ஏறக்குறைய 8 கடல் மைல் வேகத்தை எட்டியதும் தானே எழுப்பிய அலையில் சிக்கிக்கொள்ளும். நீரின்மேல் ஏறி வழுக்கிச் செல்லும் வேகப் படகுக்கே தகடு உதவும்.

தகடு வாங்குமுன் பளுவைப் பார்க்க வேண்டும். பார்சல் வண்டியில் மூட்டைகளை ஒரு கோடியில் குவித்தால் என்ன ஆகும் என்பதை என் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்பியின் படகில் பாட்டரி, எண்ணெய்த் தொட்டி, நங்கூரம் அனைத்தும் பின்புறத்திலேயே இருந்தன. போதாக்குறைக்கு, முன்பிருந்ததைவிடக் கனமான எஞ்சினை யாரோ மாட்டியிருந்தார்கள். பாட்டரியையும் நங்கூரத்தையும் முன்னே மாற்றி, எஞ்சின் சாய்ந்து நிற்கும் கோணத்தையும் திருத்திய பின் குறையில் ஒரு பங்கு தீர்ந்தது. செலவு ஒரு காசும் இல்லை.

மீதிக் குறைக்குத் தகடு. படகின் நீளத்தில் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் வீதம் ஒவ்வொரு தகட்டின் அகலமும் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் 22 அடிப் படகுக்கு 22 அங்குலம். ஆனால் படகின் பக்கவிளிம்பிலும் எஞ்சினின் அருகிலும் இடைவெளி விட்டாக வேண்டும். இடம் குறைந்தால் அளவையும் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். பின்னோக்கி நீண்ட தகட்டைக் காட்டிலும் குறுக்கே அகன்ற தகடே மேல் என்பது என் கருத்து. தகட்டை இயக்க எண்ணெய் அழுத்த முறையும் உண்டு, மின்சார முறையும் உண்டு. எதுவாயினும், உதிரிப் பாகம் கொச்சியிலேயே கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குவது நலம்.

பழைய படகில் பெரிய கேள்வி பின்பலகைதான். வெளியே ஃபைபர் பளபளக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் பிளைவுட். பழைய ஆணித் துளை வழியே நீர் கசிந்தால் அது மௌனமாக உளுத்துப்போகும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல மரம் கணீரென்னும்; கெட்ட மரம் பொத்தென்னும். ஐயம் இருந்தால் சிறு துளையிட்டுப் பார்க்கலாம். வரும் தூள் ஈரமாகவும் கறுத்தும் இருந்தால், தகட்டை மறந்துவிட்டுப் பலகையைச் செப்பனிட வேண்டும். உளுத்த பலகையில் தகட்டைப் பூட்டினால் நீரின் விசை அதை ஒரு நாள் பெயர்த்துவிடும். துளை வழியே நீர் உள்ளே வரும்.

பலகை நன்றாயிருப்பின், துளைகளை எபாக்ஸி கொண்டு அடைத்துப் பக்குவப்படுத்தி, கடற்படகுக்குரிய பசை தடவி, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளால் முடுக்க வேண்டும். உப்புநீரில் எப்போதும் நிற்கும் படகாயின் தகட்டோடு துத்தநாகத் துண்டொன்றையும் சேர்ப்பது வழக்கம்; அரிப்பு முதலில் அதைத்தான் தின்னும்.

அழிமுகத்தில் அலை பின்னாலிருந்து துரத்தும்போது தகடுகளை முற்றும் உயர்த்திவிட வேண்டும். இல்லையேல் முகப்பு அலையில் புதைந்து, படகு பக்கவாட்டில் திரும்பிவிடும்.

இனி அந்த நான்கு பேர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த 'ஜலகன்யகா' படகை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 45 பேர் மாண்டனர். தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் அதில் இருந்தார்கள். விலங்குகளைக் காண ஒரு பக்கமாகப் பயணிகள் நகர்ந்ததும் படகு சாய்ந்தது என்றே அப்போது செய்தி வந்தது. மெல்ல மிதக்கும் படகு அவ்வாறு சாயும்போது எந்தத் தகடும் தாங்கிப் பிடிக்காது. எத்தனை பேரை ஏற்றலாம் என்பது ஆய்வுச் சான்றிதழில் எழுதியிருக்கும் எண். கடையில் வாங்கும் பொருளால் அது கூடுவதில்லை. இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் முகம் வாடிற்று. தவணைக் கவலை அவனுக்கு. நான் அதைக் குறை சொல்லவில்லை.

சென்ற ஞாயிறன்று இருவருமாகப் பின்பலகையைத் தட்டிப் பார்த்தோம். எஞ்சினின் கீழ்த் திருகாணியருகே பொத்தென்றது. துளையிட்டோம், ஈரத் தூள் வந்தது. தகட்டுக்கென்று வைத்திருந்த பணம் இப்போது பலகைக்குப் போகிறது. படகு கரையேறி நிற்கிறது.