காலேஜ் சீட் கிடைச்சாச்சு... தங்க இடம்? வில்லியனூர், பாகூரில் வீடு தேடும் மாணவர்கள்!

அட்மிஷன் உறுதியானதும் வீட்டில் இனிப்பு வாங்குகிறார்கள். அடுத்த வாரமே அப்பாவும் மகளும் வில்லியனூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி, 'டு-லெட்' போர்டு தேடி தெருத் தெருவாக நடக்கிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் கேள்விகள். ''எத்தனை பேர்? ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க? அசைவம் சமைப்பீங்களா?'' கடைசியாக, குரலைத் தாழ்த்தி, ''நீங்க என்ன ஆளுங்க?''

சீட் வாங்க மார்க் போதும். ரூம் வாங்க அது போதாது.

புதுச்சேரியின் கிராமப்புறம் இன்று கல்லூரிகளின் ஊர். பாகூர் கொம்யூனில் மட்டும் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வில்லியனூரைச் சுற்றியும் விழுப்புரம் சாலையை ஒட்டியும் கலை, பொறியியல் கல்லூரிகள். கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காதவர்கள், அல்லது அதன் கட்டணத்தைக் கட்ட முடியாதவர்கள், வெளியில்தான் அறை தேட வேண்டும். கடலூர் சாலையைவிட்டு உள்ளே திரும்பினால் வயல்வெளி. இரவு டியூட்டி முடித்து வரும் ஒரு நர்ஸிங் மாணவிக்கு, மெயின் ரோட்டிலிருந்து அறை வரையிலான அந்த அரை கிலோமீட்டர்தான் நாளின் கடினமான பாடம்.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் இதே கவலை உண்டு. பாகூரிலிருந்து காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வேறு பஸ் மாற வேண்டும். தினமும் போய்வர முடியாது, அங்கே தங்கவும் வழியில்லை என்றால், பல வீடுகளில் மகளின் படிப்பைத் தீர்மானிப்பது அவள் விருப்பம் இல்லை, பஸ் டைம்டேபிள்தான்.

நெல் அளந்த ஊர்

இந்த மண்ணுக்கு இது புதுக் கதை இல்லை. 9-ம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர் செப்பேடு, இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் சொல்கிறது. வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் இருக்கும் திருபுவனையில், முதலாம் ராஜாதிராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 1048) இன்னும் கணக்காகப் பேசுகிறது. 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள், அவர்களைப் பராமரிக்க நிலமும் நெல்லும்.

அன்று அந்த வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. வேதம் படிக்க வந்தவர்களுக்கு மட்டும்தான். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை. படிக்க அழைத்தால், படிப்பவரின் வயிற்றுப்பாட்டையும் பார்க்க வேண்டும். இன்று வாசல் விரிந்திருக்கிறது. அந்தப் பொறுப்புதான் சுருங்கிவிட்டது.

எல்லையில் நிற்கும் சட்டம்

2014 ஜூனில் பொள்ளாச்சியில், விடுதியில் தங்கியிருந்த இரண்டு சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அதே ஆண்டு, பெண்கள் மற்றும் குழந்தைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்த தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதன்படி, தனியார் மகளிர் விடுதி நடத்துபவர் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். யாருடைய பொறுப்பில் விடுதி நடக்கிறது என்பது பதிவில் இருக்கும்.

ஆனால், அது தமிழ்நாட்டுச் சட்டம். புதுச்சேரி தனி சட்டமன்றம் கொண்ட யூனியன் பிரதேசம். இந்தப் பகுதியிலோ ஒரு வயல் புதுச்சேரி, அடுத்த வயல் கடலூர் அல்லது விழுப்புரம் மாவட்டம். ஒரே கல்லூரியில் படிக்கும் இரண்டு தோழிகளில் ஒருத்தி எல்லைக்கு அந்தப் பக்கம் விடுதியில் தங்கினால் அந்தச் சட்டம் துணைக்கு வரும். இந்தப் பக்கம் தங்கும் தோழிக்கு வராது.

உள்ளூர்ப் பிரதிநிதியிடம் முறையிடலாம் என்றால் அதிலும் சிக்கல். புதுச்சேரியில் 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடக்கவில்லை. கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகளே நடத்தினார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* பகலில் மட்டும் பார்க்காதீர்கள். இரவு எட்டு மணிக்கு பஸ் ஸ்டாப்பிலிருந்து அறை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். தெருவிளக்கு, உள்தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி, இன்னொரு வெளி வழி ஆகியவற்றைக் கவனியுங்கள்.

* அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது திரும்ப வரும், எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். முடிந்தவரை வங்கி அல்லது யுபிஐ மூலம் பணம் கொடுங்கள். குடிபோகும் அன்றே அறையை மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள்.

* விடுதி பில்லில் ஜி.எஸ்.டி சேர்த்தால் கேளுங்கள். கல்லூரிக்கு வெளியே உள்ள விடுதியில் ஒருவருக்கு மாதக் கட்டணம் ரூ.20,000-க்குள் இருந்து, தொடர்ந்து 90 நாள்களாவது தங்கினால் ஜி.எஸ்.டி கிடையாது. 2024 ஜூனில் ஜி.எஸ்.டி கவுன்சில் பரிந்துரைத்து, ஜூலையில் அமலுக்கு வந்த சலுகை இது.

* பட்டியலின மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், விடுதி மாணவருக்கான தொகை அதிகம். கல்லூரி விடுதியில் இடமில்லாதபோது, குறைந்தது ஐந்து பேர் சேர்ந்து தங்கும் இடத்தைக் கல்லூரி முதல்வர் பார்வையிட்டு ஒப்புதல் தந்தால், அதையும் விடுதியாகக் கருதலாம் என்று 2010 விதிமுறை சொன்னது. உங்களுக்குப் பொருந்துமா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

* அவசரத்துக்கு 112. பெண்கள் உதவிக்கு 181. ராகிங் புகாருக்கு 1800-180-5522.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

பெரிய விடுதிகள் கட்ட நிலமும் நிதியும் வேண்டும், ஆண்டுகள் ஆகும். அதுவரை செய்யக்கூடியவை இருக்கின்றன. மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகளின் பதிவேடு கொம்யூன் பஞ்சாயத்தில் இருக்கலாம். நேரில் பார்த்துச் சரி என்று சொன்ன அறைகளின் பட்டியலை, அட்மிஷன் நாளன்றே கல்லூரி கையில் தரலாம். கடைசி பஸ்ஸை லேப் முடியும் நேரத்துக்கு ஏற்ப மாற்றலாம். எல்லை தாண்டி வராத சட்டத்தைப் போல ஒன்றைப் புதுச்சேரி சட்டமன்றமே இயற்றலாம்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையும் நாளை சென்னையிலோ கோவையிலோ ஏதோ ஒரு வாசலில் நிற்கும். அங்கே அந்தக் கடைசிக் கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்கக் கூடாது என்றுதானே நினைப்பீர்கள்?