ரத்தம் மலிவாகக் கிடைக்கிறது

என் நாவலைப் படித்த நண்பர் ஒருவர் - அவரும் எழுதுகிறவர்தான், சிறுபத்திரிகைகளோடு வளர்ந்தவர் - "எல்லாம் சரி, ஆனால் இதில் ஒன்றுமே நடக்கவில்லையே" என்றார். நாவலில் ஒரு பெண் ஏழு வருஷம் ஒருவனுக்காகக் காத்திருக்கிறாள். அவன் வந்து நிற்கும்போது, அவன் தனக்கு வேண்டியிருக்கவில்லை என்பதைக் கண்டுகொள்கிறாள். இது ஒன்றும் நடக்காதது. பேச்சு நீண்டபோதுதான் விஷயம் புரிந்தது. யாரும் யாரையும் வெட்டவில்லை என்பது அவர் குறை.

இது அவருடைய தனி அபிப்பிராயம் என்றால் இதை எழுதவேண்டியதில்லை. ஆனால் தமிழில் தீவிரமாக எழுதுவதாகச் சொல்லிக்கொள்கிற வட்டங்களில் எழுதப்படாத விதியாகவே இது ஆகிவிட்டிருக்கிறது. அரிவாள் வந்தால் அது யதார்த்தம், மண்ணின் குரல், அசலான வாழ்க்கை. ஒருவன் ஒருத்தியை மனதார நேசித்தால் அது வாரப் பத்திரிகைச் சரக்கு. இந்த விதியை முதலில் யார் செய்தார்கள் என்று தெரியவில்லை. செய்தவர் தமிழ் படித்தவரில்லை என்பது மட்டும் நிச்சயம்.

எட்டுத்தொகையில் ஐந்து நூல்கள் முழுக்க அகம். புறத்துக்கென்றே இருப்பவை இரண்டு. எண்ணிக்கையை வைத்து நான் வாதாடவில்லை. அகநானூற்றின் 36ஆம் பாட்டைப் பார்க்கச் சொல்கிறேன். தலையாலங்கானத்தில் எழுவரை ஒருசேர வென்ற நெடுஞ்செழியனின் போர் அதில் வருகிறது. களம் சிவந்தது, வீரர்கள் ஆர்ப்பரித்தார்கள், எல்லாம் வருகிறது. எதற்காக? புதிய ஒருத்தியோடு ஆற்றங்கரைச் சோலையில் கூடிவிட்டு வந்திருக்கிறான் கணவன். அதைப் பற்றி ஊரில் எழுந்த அலர் அந்த ஆரவாரத்தைவிடப் பெரிது என்று சொல்வதற்காக. ஏழு பேரை வென்ற யுத்தம் ஒரு வீட்டுக்குள் இருக்கும் வலிக்கு அளவுகோலாகிறது. நக்கீரருக்கு எது பெரிது, எது சின்னது என்பதில் குழப்பமில்லை. குழப்பம் நமக்குத்தான்.

நான் முதலில் எழுதிய நாவலில் ஒரு கொலை உண்டு. ஒரே ராத்திரியில் பதினோரு பக்கம் எழுதினேன். அவ்வளவு வேகமாக வந்ததே என்று அப்போது பெருமை. பிறகு படித்தபோது ஒன்று தெரிந்தது: அதில் ஒரு வாக்கியம்கூட என்னுடையதில்லை. பாதி தினசரிப் பத்திரிகை, பாதி சினிமா. வெட்டு, குத்து, சீவு, கொத்து என்று வினைச்சொற்கள் வரிசையில் நிற்கின்றன, கூப்பிட்டால் வருகின்றன. வாசகனும் தயாராக இருக்கிறான். கத்தியை உருவினால் போதும், அவன் முதுகு தானாகவே நிமிர்கிறது. அது என் எழுத்தின் வெற்றி இல்லை, அவன் நரம்பின் வேலை.

காதலை எழுதுவது சுத்தமானது என்று சொல்லவரவில்லை. அங்கும் ஜோடனைகள் காத்திருக்கின்றன, இன்னும் அதிகமாகவே. நிலா, மழை, சினிமாப் பாட்டு, தொடர்கதையின் கண்ணீர். இவை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போய், ஒரு பெண் காலி டம்ளரை எடுக்க வந்து எடுக்காமல் திரும்பிப் போவதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. பழகிப்போன சொற்களிலிருந்து தப்ப வேண்டியிருப்பதால்தான் அது வேலை. தப்பாதவர்கள் எழுதுவதை நானும் குப்பை என்றே சொல்வேன். ஆனால் குப்பையைக் காட்டி ஒரு துறையையே மூடிவிடலாம் என்றால், மாத நாவல்களின் பிணங்களைக் காட்டி வன்முறையையும் மூடிவிட வேண்டியதுதான்.

கீழ்வெண்மணியை எழுதக்கூடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டதை எழுதாத இலக்கியம் எதற்கு? எழுதத்தான் வேண்டும். ஆனால் எழுதப்பட்டதைப் பாருங்கள். இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வந்தது. 1977இல் சாகித்ய அகாதமி பரிசும் பெற்றது. கூலியும் சங்கமும் ஜாதியும் கண்முன் கிடக்க, பண்ணையாரின் ஆண்மைக்குறைவில் போய்க் கொடுமைக்கு வேர் தேடியது அது. அந்தச் சர்ச்சை பழையது. இங்கே அதைத் திரும்ப நடத்தவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. கொளுத்தியவனின் மனசுக்குள் போக நாவலுக்கு இடமிருந்தது. கருகியவர்களில் ஒருத்தி முந்தின வாரம் யாரை நினைத்துக்கொண்டு நாற்று முடிந்தாள் என்பதற்கு இடமில்லை. வன்முறைக் கதையின் இயல்பான சாய்வு இது. ஆயுதம் வைத்திருப்பவன் பக்கமே அதன் கண் போகிறது. செத்தவர்கள் தொகையாகிவிடுகிறார்கள்.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கேமரா பதிவு செய்தது. தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. அவருக்கும் அவர் மனைவிக்கும் கல்யாணமாகி எட்டு மாதம். அந்த வெட்டை எந்த நாவலாசிரியன் இனிமேல் 'தத்ரூபமாக' எழுதிக் கிழிக்கப்போகிறான்? கேமரா எழுதிவிட்டது. கேமராவால் முடியாதது அந்த எட்டு மாதம். அந்த இருவருடைய எட்டு மாதத்தைச் சொல்லவில்லை. அது அவர்களுடையது, நமக்கு அதில் பாத்தியதை இல்லை. அதுபோல் ஓர் எட்டு மாதத்தைச் சிருஷ்டித்துக் காட்டுவது நம் வேலை. சமையல், கடன், சின்னக் கோபம், பேச ஒன்றுமில்லாத சாயங்காலம், அதற்கப்புறமும் கூடவே இருப்பது. இதைப் படித்து உணர்ந்தவனுக்குத்தான் எது வெட்டப்பட்டது என்று தெரியும். மற்றவன் பார்ப்பது வெட்டை மட்டும்.

பெருமாள்முருகனின் 'பூக்குழி' (2013) இதைச் செய்கிறது. பாறைமேல் ஒரு வீடு, அதில் சரோஜாவும் குமரேசனும், சுற்றிலும் ஊரின் வாய். முடிவில் வருவது பயங்கரம்தான். ஆனால் நாவலின் பக்கங்களைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வது அந்த இருவரின் நெருக்கம். பயங்கரம் நம்மைத் தாக்குகிறதென்றால் அதனால்தான். ஜானகிராமனின் 'மோகமுள்'ளிலும், கிழவனுக்குக் கட்டிவைக்கப்பட்ட தங்கம்மாவின் சாவு உண்டு. அதை அரங்கேற்றி அவர் கைதட்டல் வாங்கவில்லை. பாபு அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

காதல் கதை தப்பித்தல் என்கிறார்கள். வேறு ஜாதிப் பெண்ணோடு பேசினால் அரிவாள் வருகிற நாட்டில் எது தப்பித்தல்? இங்கே கொலைகாரர்கள் காதலை எவ்வளவு ஸீரியஸாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். அதற்காக ஆள் பிடிக்கிறார்கள், பணம் கொடுக்கிறார்கள், ஜெயிலுக்கும் போகிறார்கள். விமர்சகர்கள் மட்டும் அதை மென்மையான சமாசாரம் என்று ஒதுக்குகிறார்கள்.

நண்பருக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அடுத்த நாவலிலும் யாரும் வெட்டப்படப் போவதில்லை. ஒரு மின்வாரிய லைன்மேனும், பால் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் ஒரு விதவையும் வருகிறார்கள். ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். எண்பது பக்கம் ஆகியிருக்கிறது; இன்னும் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிக் கூப்பிடவில்லை.