குறைந்தால் கூடும் காந்தம்

பழுதான ஒலிபெருக்கியைப் பிரித்துப் பார்த்தவர்கள் அதன் பின்புறத்தில் கறுப்பு வளையம் ஒன்றைக் கண்டிருப்பார்கள். கீழே போட்டால் ஓடு போல் உடையும். அது காந்தம்; ஆனால் உலோகமன்று. இரும்பு ஆக்சைடையும், பேரியம் அல்லது ஸ்ட்ரான்சியம் கார்பனேட்டையும் அரைத்துக் கலந்து, ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டெடுத்த பீங்கான். படிக அமைப்பினால் 'அறுகோண ஃபெரைட்' எனப் பெயர் பெற்றது. ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தினர் 1952இல் இவ்வகைக் காந்தத்தை அறிவித்தனர்.

இந்தக் கறுப்பு வளையத்தை முன்னிட்டு, நம் செய்முறை வகுப்புகளைப் பற்றி ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

இப்பொருளின் வாய்பாட்டில் 12 இரும்பு அயனிகள் உள்ளன. ஒவ்வொன்றும் 5 போர் மேக்னடான் திருப்புத்திறன் கொண்ட சிறு காந்தம். எல்லாம் ஒரே திசையை நோக்கினால் மொத்தம் 60 ஆகும். ஆனால் 8 அயனிகள் ஒரு திசையையும், 4 அயனிகள் எதிர்த் திசையையும் நோக்குகின்றன. எஞ்சுவது 20 மட்டுமே. இத்தகைய காந்தவியல்பை 1948இல் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் லூயி நீல் 1970இல் நோபல் பரிசு பெற்றார்.

இனித்தான் வியப்பு. காந்தத் தன்மையே இல்லாத துத்தநாகத்தை இரும்புக்குப் பதிலாகச் சிறிதளவு புகுத்தி, மின்சுமையை ஈடுசெய்ய லாந்தனத்தையும் சேர்த்தால், காந்தம் குறைய வேண்டுமல்லவா? கூடுகிறது! துத்தநாகம் எதிர்த் திசை இரும்பின் இடத்தில் போய் அமர்வதே காரணம். கழிக்க வேண்டியது குறைந்தால் மீதி கூடும். அளவு மீறினால் அயனிகளுக்கிடையேயான பிணைப்பு தளர்ந்து காந்தம் குறைந்துவிடும். அலுமினியமும் காந்தமற்றதே, ஆனால் அது பெரும்பாலும் நேர்த் திசை இரும்பின் இடத்தைப் பிடிப்பதால் காந்தம் குறைகிறது. ஆக, எது சேர்ந்தது என்பதோடு எங்கே சேர்ந்தது என்பதும் முக்கியம்.

அந்த 'எங்கே' என்பதைக் காட்டுவது நிறமாலை. 1958இல் ருடால்ஃப் மாஸ்பவர் கண்ட விளைவைக் கொண்டு, காமாக் கதிர்களை இரும்பின் அணுக்கருக்கள் உட்கவர்வதை அளக்கிறார்கள். இப்படிகத்தில் இரும்புக்கு ஐந்து வகை இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு கோடுகள். எந்த இடத்துக் கோடுகள் மெலிந்தனவோ, அங்கே இரும்பு வெளியேறி வேறொன்று புகுந்திருக்கிறது என்று பொருள்.

இங்கே என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டு செய்முறை வகுப்பு ஒன்றில் எனக்குக் கிடைத்த விடை நூலில் கண்ட மதிப்போடு ஒத்துவரவில்லை. அளவீடுகளைத் திருத்தி எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. நண்பர்களே, உங்களில் எத்தனை பேர் இதைச் செய்யவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்! துத்தநாகம் சேர்த்தவர் என்னைப்போல் நடந்திருந்தால், கூடிய காந்தத்தைப் 'பிழை' என்று அடித்து, குறைந்ததாக எழுதி முடித்திருப்பார்.

"மாணவன் கைத்திறனை அறிய, தெரிந்த விடையே அளவுகோல்" என்று ஆசிரியப் பெருமக்கள் கூறலாம். அதில் நியாயமுண்டு. நம் கைக்கு வரும் விலகல்களில் பெரும்பாலானவை கவனக்குறைவே. ஆனால் கவனக்குறைவு எது, இயற்கையின் பேச்சு எது என்று பிரித்தறியும் பயிற்சி விடையைத் திருத்துவதால் வராது. காரணத்தைத் தேடுவதால்தான் வரும்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. விடைக்கு அளிக்கும் மதிப்பெண்ணில் பாதியை, விடை ஏன் விலகியது என்று எழுதும் ஒரு பக்கத்துக்கு அளியுங்கள். இதற்குப் புதிய கருவி வேண்டாம், செலவும் இல்லை. கிடைத்ததைக் கிடைத்தபடியே எழுதும் துணிவு எங்களுக்கு வரும். அதன் பிறகு பட்டத்தோடு கொஞ்சம் அறிவியலும் எங்களுடன் வீட்டுக்கு வரும்.