சங்குப்பூவின் நீலம் மருந்தல்ல

‘சங்குப்பூவின் நீலம் இயற்கை நிறமி, ஆகவே அது சேர்த்த பானம் சர்க்கரை நோயாளிக்கும் நல்லது’ என்கிறார்கள், மலேசியாவின் பத்துமலைக் கோயில் படியிறங்கித் தாகத்தோடு நிற்பவரிடமும்.

ஒன்று: நீலத்தைத் தருவது ஆந்தோசயனின். கூடக் கரைத்த சீனியை அது அழித்துவிடுமா? 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இவர்களிடமா இந்தப் பேச்சு?

இரண்டு: எலுமிச்சை பிழிந்ததும் ஊதாவாவது புளிப்பின் வேலை. மருந்துக்கு அது சாட்சியல்ல.

மூன்று: நிறமி என்றாலே நன்மையா? 1994இல் வெளியான பின்லாந்து ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற நிறமியை மாத்திரையாக விழுங்கிய புகைப்பழக்கக்காரர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. ஆனால் அதே கரோட்டின் மஞ்சள் பூசணியிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கிறது. எண்ணெய் விட்டுச் சமைத்தால் நன்றாக உடம்பில் சேர்ந்து வைட்டமின் ஏ ஆகிறது. இதைச் சொல்ல ஏன் ஒருவருக்கும் வாய் வரவில்லை?