வேதாளத்தைத் தடுக்கிறோம், பூச்சாண்டியை வளர்க்கிறோம்



பேய், பூதம், அரக்கன் வரும் வேடிக்கைக் கதைகள் பிள்ளைகளின் ஈமானைக் கெடுத்துவிடும் என்று நம்மில் சிலர் கூறி வருகின்றனர். மக்தபுக்கு வரும் பிள்ளைகளின் பையிலிருந்து அத்தகைய நூல்களைப் பறித்துவிடுமாறும் கேட்கின்றனர். இக்கோரிக்கையை நாம் ஏற்பதற்கில்லை.

1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அம்புலிமாமா, பல்லாண்டுக் காலம் நம் வடபழனியிலிருந்துதான் வெளிவந்தது. விக்கிரமாதித்தன் மரத்திலிருந்து சடலத்தை இறக்கித் தோளில் சுமப்பான். அதனுள்ளிருக்கும் வேதாளம் கதை சொல்லிப் புதிர் போடும். விடை தெரிந்தும் வாய் திறவாவிட்டால் தலை வெடித்துவிடும். திறந்தாலோ வேதாளம் மறுபடியும் மரமேறிவிடும். மூலக் கதைகள் இருபத்தைந்தே. அவை தீர்ந்த பின்பும் இதழ் புதிய புதிர்களைப் புனைந்துகொண்டே போயிற்று. இவற்றைப் படித்து வளர்ந்த நம் தலைமுறையில் வேதாளத்தை வணங்கப் போனவர் யார்? புதிருக்கு நியாயமான விடை எது என்று வீட்டில் வாதாடியவர்களே உண்டு. அவ்விதழில் புராணக் கதைகளும் வந்தன என்பது மெய்தான். அருகில் அமர்ந்து, இது பிறர் நம்பிக்கை, நம் அகீதா இன்னது என்று எடுத்துரைப்பது பெற்றோர் கடமை. அதற்குச் சோம்பியவர்களுக்குப் புத்தகத்தைப் பிடுங்குவது எளிது.

கற்பனையே ஆகாது என்போர் அபூதாவூதில் பதிவான செய்தியை நோக்கட்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே, துணியால் ஆன இறக்கைகள் கொண்ட குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபி (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்றார் அன்னையார். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். பொம்மையைப் பிடுங்கவில்லை.

ஜின்கள் உண்டென்பது நம் நம்பிக்கை. திருக்குர்ஆனின் 72ஆம் அத்தியாயம் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. அவர்களிடம் மனிதர் பாதுகாவல் தேடியதன் கேட்டை அதன் 6ஆம் வசனம் உரைக்கிறது. நம் வீடுகளில் நடப்பதென்ன? உண்ண மறுத்தால் பூச்சாண்டி பிடித்துக்கொள்வான். புளியமரத்தடிக்குப் போனால் காத்துக் கருப்பு அண்டிவிடும். பிள்ளை இரவில் அலறினால் மறுநாளே கழுத்தில் தாயத்து. கதைநூல், தான் கதையென்று அட்டையிலேயே சொல்லிவிடுகிறது. நாமோ பூச்சாண்டியை உண்மையென்று ஊட்டுகிறோம். ஒன்று தருவதாகச் சொல்லிப் பிள்ளையை அழைத்த தாயிடம், ஏதும் தராதிருந்தால் அது பொய்யென்று பதியப்பட்டிருக்கும் என நபியவர்கள் எச்சரித்த செய்தியும் அதே அபூதாவூதில்தான் உள்ளது. பூச்சாண்டியைக் காட்டிச் சோறூட்டுவது எந்தக் கணக்கில் சேரும்?

பறிப்பதாயின் பிள்ளையின் பையை விட்டுவிடுங்கள். கழுத்திலுள்ள தாயத்தை முதலில் அவிழுங்கள். அம்புலிமாமா நின்று பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. பழைய இதழ்களைப் பரணில் வைத்திருப்போர், மக்தபு அலமாரிக்குத் தந்துதவலாம்.