கோனார் நோட்ஸ் போட்ட டூம்



பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரே சண்டை. 1993-இல் வந்த டூம் உசத்தியா, 2016-இல் அதே பெயரில் புதிதாக வந்தது உசத்தியா என்று. தலை நரைத்த மேனேஜர்கள் எல்லாம் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மாதிரி அடித்துக்கொள்கிறார்கள். "சார், நீங்களே சொல்லுங்க" என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். கணக்கோடு கம்ப்யூட்டர் லேபையும் பார்த்துக்கொண்டவன் என்பதால் எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. லீவுக்கு அபிராமபுரம் வந்திருந்த, காலேஜ் படிக்கும் பேரன் புதிய டூமை என் எதிரில் உட்கார்ந்துதான் ஆடி முடித்தான். (சுடுகிற விளையாட்டே எதற்கு என்று கேட்கும் அக்கா, அத்திம்பேர்களுக்கு: அது வேறு பதிவு.)

முதலில் புதியதற்கு உரிய மார்க்கைப் போட்டுவிடுகிறேன். படம் அழகாக இருக்கிறது என்பதற்காக அல்ல. அது காசு செலவழித்தால் வருவது. நடுவில் வந்த பல விளையாட்டுகளில், அடி பட்டால் ஒரு சுவர் மறைவில் ஒதுங்கி நின்றால் போதும், உடம்பு தானே தேறிவிடும். புதிய டூம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உயிர் குறைந்தால் எதிரியை நோக்கி ஓடி, கையால் அடித்து வீழ்த்த வேண்டும். அப்போதுதான் மருந்து சிதறும். பயந்தால் செத்தாய். பழைய டூமின் ஓட்டம் அப்படியே இருக்கிறது. செய்தவர்கள் மூலத்தைப் படித்திருக்கிறார்கள்.

ஆனால் பேரன் ஆடும்போது ஒன்றைக் கவனித்தேன். திரையில் ஒரு குறி, இங்கே போ, அங்கே போ என்று வழி காட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டம் முடிந்ததும், "அந்த நீலக் கதவு எங்கேடா இருந்தது?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. சண்டை ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது, இடம் நினைவில்லை.

டூமுக்கு முந்தைய வருஷம் வந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி-யில் மேப்பே கிடையாது. எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி சுவர். கட்டம் ஒவ்வொன்றும் 64-க்கு 64 சதுரங்களில் கட்டியது. அதை ஒருவன் என் கணக்கு வகுப்பில், கடைசி பெஞ்சில், கிராஃப் ஷீட்டில் வரைந்துகொண்டிருந்தான். ரகசியக் கதவுக்குப் பென்சிலில் பெருக்கல் குறி, அளவு பிசகாமல். பிடுங்கி வைத்தேன், ஆனால் என் பாடத்துக்கு அவன் வரைந்த எந்தப் படமும் அத்தனை சுத்தமாக இருந்ததில்லை. பழைய டூமில் மேப் உண்டு, ஆனால் எங்கே போக வேண்டும் என்று அது சொல்லாது. சிவப்புச் சாவி கிடைத்தால், சிவப்புக் கதவை எங்கே பார்த்தோம் என்று நீதான் யோசிக்க வேண்டும். அது பாடப் புத்தகம். இன்றைக்கு அதனுடனே கோனார் நோட்ஸையும் சேர்த்துத் தைத்துத் தருகிறார்கள்.

நம் ஊர்ப் பசங்களுக்கு இதில் இன்னொரு அத்தியாயம் இருக்கிறது: 2000-இல் வந்த ஐ.ஜி.ஐ. நார்வேக்காரர்கள் செய்தது. வெளிநாட்டில் அதை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்களோ, செயின்ட் மேரீஸ் ரோடு பக்கத்து பிரவுசிங் சென்டரில் அதுதான் ராஜா. மிஷன் நடுவில் சேவ் செய்ய முடியாது. அரை மணி நேரம் பதுங்கிப் போய், கடைசி வாசலில் ஒரு குண்டு பட்டால் மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் பைனாகுலரில் ஒவ்வொரு காவல் கோபுரத்தையும் பார்த்துவிட்டு, கேமரா எங்கே, அலாரம் பட்டன் எங்கே என்று மனப்பாடம் செய்துகொண்டு கிளம்பினீர்கள். ஹோம்வொர்க்குக்கு அதில் கால்வாசி கவனம் கொடுத்திருக்கலாம். 2003-இல் வந்த இரண்டாம் பாகத்தில், எண்ணி இத்தனை முறை என்று சேவ் வைத்தார்கள். அப்போதே பயம் பாதி போயிற்று.

"சார், இன்றைக்கு யாருக்கு அவ்வளவு நேரம் இருக்கு?" என்று குழுவில் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. இரவு பத்தரைக்கு ஆபீசிலிருந்து வந்து உட்காருகிறவரை அரை மணி நேரம் சுவரில் முட்டவிடுவது கொடுமைதான். ஆனால் பதினெட்டு வயதுக்காரனுக்கு நேரம் நிறைய இருக்கிறது. அவனையும் கைபிடித்தே கூட்டிப்போவது எதற்கு?

என் தீர்ப்பு இதுதான்: சண்டைக்குப் புதியது, ஊர் சுற்றப் பழையது. புதிய டூமில் அந்த வழிகாட்டிக் குறியை செட்டிங்கில் அணைத்துவிடலாம். வீட்டில் ஆடுகிற பிள்ளை இருந்தால் ஒரு கட்டம் அப்படி ஆடச் சொல்லுங்கள். பேரன் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் என்னைத் திட்டினான். மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே, மேஜை மேல் விரலால் கோடு போட்டு, கதவு எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டினான்.